பீரோவில் கிடக்கும் பழைய லென்ஸை இன்றைய கேமராவில் மாட்ட ஒரு வழிகாட்டி

மதுரையில் பழைய லென்ஸுக்குப் பஞ்சமில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கல்யாண வீடுகளில் சுற்றிவந்த யாஷிகா, பென்டாக்ஸ், மினோல்டா, நிக்கான், ஜெனித் ரோல் கேமராக்கள் இன்னமும் ஸ்டுடியோப் பரண்களிலும் வீட்டு பீரோக்களிலும் இருக்கின்றன. பாடி செத்துப்போயிருக்கும். லென்ஸ் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். அதை உங்கள் சோனியிலோ கேனனிலோ மாட்டிப் படம் எடுக்க நடுவில் ஓர் அடாப்டர் வளையம் இருந்தால் போதும்.

எந்த வளையம் என்பதில்தான் சிக்கல். கடைக்குக் கடை ஒரு பதில் வரும். ஒருவர் "எல்லாம் எல்லாத்துலயும் மாட்டும் தம்பி" என்பார், இன்னொருவர் "அதெல்லாம் ஃபோக்கஸ் ஆகாது, விட்டுருங்க" என்பார். நான் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொறுக்கித் தெரிந்துகொண்டதை ஒரே இடத்தில் வரிசையாக எழுதுகிறேன். வரிசை முக்கியம். முதலில் மவுண்ட் (லென்ஸும் பாடியும் இணையும் வாய்), அடுத்து தூரக் கணக்கு, அப்புறம் லென்ஸின் உடல்நிலை, கடைசியில்தான் அடாப்டர். இந்த வரிசையை மாற்றி அடாப்டரை முதலில் வாங்குகிறவர்கள்தான் பணத்தை இழக்கிறார்கள்.

1. உங்கள் பாடி எந்த வகை?

கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆரா, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸா என்று முதலில் பாருங்கள். லென்ஸைக் கழற்றினால் உள்ளே சாய்வாக ஒரு கண்ணாடி தெரிந்தால் டிஎஸ்எல்ஆர். நேராக சென்சாரோ ஷட்டர் திரையோ தெரிந்தால் மிரர்லெஸ்.

மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. சோனி ஈ, கேனன் ஆர்எஃப், நிக்கான் இசட், ஃபியூஜி எக்ஸ், பானாசோனிக் என்று எதுவாக இருந்தாலும் ரோல் காலத்து எஸ்எல்ஆர் லென்ஸ் அநேகமாக எல்லாமே மாட்டும். கேனன் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்குச் சில லென்ஸ்கள் மட்டும் சரிப்படும். நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் வேற்றுக் கம்பெனி லென்ஸுக்கு ஆசைப்படாமல் பழைய நிக்கான் லென்ஸையே தேடுவது நல்லது. காரணம் மூன்றாவது படியில் இருக்கிறது.

2. லென்ஸின் மவுண்ட் எது?

லென்ஸின் முகப்பில் எழுதியிருக்கும் பெயரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். விவிட்டார், டாம்ரான், டோக்கினா போன்றவர்கள் ஒரே லென்ஸை ஐந்தாறு மவுண்ட்களில் விற்றார்கள். டாம்ரானின் அடாப்டால் வகையில் பின்பக்க மவுண்டையே கழற்றி மாற்றலாம். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதுதான் வழி.

லென்ஸ் கேமராவோடு சேர்ந்தே கிடைத்தால் வேலை எளிது. பென்டாக்ஸ் கே1000, விவிட்டார் வி3800என் இரண்டும் பென்டாக்ஸ் கே மவுண்ட். யாஷிகா எஃப்எக்ஸ்-3 என்றால் கான்டாக்ஸ்/யாஷிகா மவுண்ட். மினோல்டா எக்ஸ்-300, எக்ஸ்-700 என்றால் எம்டி. நிக்கான் எஃப்எம்2, எஃப்எம்10 என்றால் நிக்கான் எஃப். கேனன் ஏஈ-1 என்றால் எஃப்டி. ஜெனித் பெரும்பாலும் எம்42, அதாவது திருகு மரை.

திருகு மரையில் இரண்டு பொறிகள் உண்டு. எம்42 மரையின் விட்டம் 42 மி.மீ., இரண்டு மரைகளுக்கு இடையே 1 மி.மீ. இதே 42 மி.மீ. விட்டத்தில் டி2 என்றொரு மரையும் இருக்கிறது. பழைய டெலி லென்ஸ்களிலும் தொலைநோக்கி இணைப்புகளிலும் வரும். அதில் மரை இடைவெளி 0.75 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எம்42 அடாப்டரில் டி2 லென்ஸைத் திருகினால் ஒரு சுற்றுக்குள் இறுகி நின்றுவிடும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். பலம் கொடுத்தால் மரை போய்விடும், அதன் பிறகு லென்ஸும் இல்லை, அடாப்டரும் இல்லை.

இரண்டாவது, 39 மி.மீ. மரை. பழைய லைக்கா வகை ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸும் ஆரம்பகால ஜெனித் லென்ஸும் ஒரே 39 மி.மீ. மரையில் வந்தன. ஆனால் முன்னதற்குத் தேவையான தூரம் 28.8 மி.மீ., பின்னதற்கு 45 மி.மீ.க்குச் சற்று மேல். "எம்39" என்று மட்டும் சொல்லி விற்கிறவரிடம் அது எந்தக் கேமராவில் இருந்தது என்று கட்டாயம் கேளுங்கள்.

3. இரண்டு எண்களைக் கழித்துப் பாருங்கள்

ஒவ்வொரு கேமராவிலும் மவுண்ட் வளையத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை ஒரு நிலையான தூரம் உண்டு. லென்ஸ் அந்தத் தூரத்துக்காகவே செய்யப்பட்டது. அதைவிடத் தள்ளி நின்றால் தூரத்துப் பொருள்கள் ஃபோக்கஸ் ஆகாது, பக்கத்தில் இருப்பவை மட்டும் ஆகும். அதனால் லென்ஸின் தூரம் பாடியின் தூரத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். மீதமுள்ள இடைவெளியை நிரப்புவதுதான் அடாப்டரின் வேலை.

பழைய லென்ஸ்களின் எண்கள்: நிக்கான் எஃப் 46.5, ஒலிம்பஸ் ஓஎம் 46, கான்டாக்ஸ்/யாஷிகா 45.5, எம்42வும் பென்டாக்ஸ் கேவும் 45.46, மினோல்டா எம்டி 43.5, கேனன் எஃப்டி 42. எல்லாம் மி.மீ.

இன்றைய பாடிகளின் எண்கள்: நிக்கான் இசட் 16, ஃபியூஜி எக்ஸ் 17.7, சோனி ஈ 18, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் (பானாசோனிக், ஒலிம்பஸின் சிறிய சென்சார் பாடிகள்) 19.25, கேனன் ஆர்எஃப் 20, பானாசோனிக் ஃபுல் ஃபிரேம் (ரோல் ஃபிலிம் சட்டத்தின் அளவே உள்ள சென்சார்) பயன்படுத்தும் எல் மவுண்ட் 20. டிஎஸ்எல்ஆர்களில் கேனன் ஈஎஃப் 44, நிக்கான் எஃப் 46.5.

கழித்துப் பாருங்கள். எம்42 லென்ஸை சோனியில் மாட்ட 45.46லிருந்து 18 போக 27.46 மி.மீ. தடிமனுள்ள வளையம் வேண்டும். செய்யலாம். எம்42வை கேனன் ஈஎஃப்பில் மாட்ட 1.46 மி.மீ. மெல்லிய வளையம்தான், ஆனாலும் முடியும். கேனனின் சொந்த எஃப்டி லென்ஸை கேனன் ஈஎஃப் பாடியில் மாட்டினால் 2 மி.மீ. குறைகிறது. ஒரே கம்பெனி என்பதால் மாட்டும் என்று நம்பி வாங்குகிறவர்கள் நிறைய. மாட்டாது. மினோல்டா எம்டியும் ஈஎஃப்பில் அரை மி.மீ. வித்தியாசத்தில் தோற்றுப்போகிறது. நிக்கான் டிஎஸ்எல்ஆரின் 46.5 எல்லாவற்றையும்விடப் பெரிது, அதனால் மேலே சொன்ன வேற்று லென்ஸ் எதற்கும் அதில் இடமில்லை.

"நடுவுல கண்ணாடி வச்ச அடாப்டர் இருக்கு, தூரமும் வரும்" என்று சொல்வார்கள். இருக்கிறது. அந்த மலிவான கண்ணாடி, லென்ஸின் தெளிவைக் கெடுத்துவிடும். நல்ல லென்ஸை வாங்கி அதன் பின்னால் மோசமான லென்ஸை ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. வேண்டாம் என்பதே என் கருத்து.

கேனன் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் இன்னொரு ஆபத்து. சில 50, 58 மி.மீ. லென்ஸ்கள் தூரத்துக்கு ஃபோக்கஸ் செய்யும்போது பின்பக்கம் உள்ளே நீண்டு, எழும்பும் கண்ணாடியில் இடிக்கும். லைவ் வியூவில் (பின் திரையைப் பார்த்து எடுக்கும் முறை) கண்ணாடி மேலேயே நிற்பதால் அதில் எடுத்துப் பழகுங்கள். சென்சார் சிறிதான ஏபிஎஸ்-சி பாடிகளில் கண்ணாடியும் சிறியது, இந்தத் தொல்லை குறைவு.

4. டார்ச் அடித்துப் பாருங்கள்

இந்தப் படியில் அவசரமே கூடாது. வீட்டு லென்ஸாக இருந்தாலும் செய்யுங்கள், விலைக்கு வாங்குவதாக இருந்தால் வாசலில் நின்று செய்யாமல் உட்கார்ந்து செய்யுங்கள். டவுன்ஹால் ரோட்டுக் கடை வெளிச்சத்தில் எல்லா லென்ஸும் பளபளவென்றுதான் தெரியும். போன் டார்ச் வேண்டும்.

முன், பின் மூடி இரண்டையும் கழற்றுங்கள். அப்பெர்ச்சரை (ஒளி நுழையும் துளை) முழுவதும் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச்சை நேராக அடிக்காமல் சற்றுச் சாய்த்து அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். நேராக அடித்தால் கண் கூசும், எதுவும் தெரியாது. சாய்த்ததும் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கண்ணாடியும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். தூசி புள்ளி புள்ளியாக மின்னும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம், படத்தில் வராது. ஓரத்திலிருந்து மெல்லிய நூல்கள் கிளை விட்டு ஓடினால் அது ஃபங்கஸ். கண்ணாடி முழுக்க மூச்சு விட்ட மாதிரி மங்கல் இருந்தால் ஹேஸ். ஹேஸ் உள்ள லென்ஸில் வெயிலுக்கு எதிரே எடுத்தால் படம் வெளுத்துவிடும். ஒட்டப்பட்ட இரண்டு கண்ணாடிகள் பிரிந்திருந்தால் ஓரத்தில் வானவில் நிற வளையமோ குமிழோ தெரியும், அதற்கு வைத்தியம் பார்ப்பது வீண் செலவு. முன் கண்ணாடியில் ஒன்றிரண்டு கீறல் இருந்தால் பரவாயில்லை. பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் விலை குறையாமல் வாங்காதீர்கள், அது படத்தை அதிகம் பாதிக்கும்.

அடுத்து, அப்பெர்ச்சரைத் திறந்து மூடும் பிளேடுகள். அப்பெர்ச்சர் வளையத்தை முழு மூடலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். பிளேடுகள் காய்ந்து, பளபளப்பில்லாமல் இருக்க வேண்டும். எண்ணெய் பளபளப்பு இருந்தால் ஃபோக்கஸ் மரையில் போட்ட கிரீஸ் வெயிலில் இளகி ஓடியிருக்கிறது. ரோல் கேமராவில் இது பெரிய கோளாறு, பிளேடு நேரத்துக்கு மூடாது. மிரர்லெஸ்ஸில் நீங்களே கையால் மூடப்போகிறீர்கள், அதனால் பிளேடு ஒட்டாமல் நகர்ந்தால் வாங்கலாம். இதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

இரண்டு லென்ஸ்களை "கெட்டுப்போச்சு" என்று தவறாக ஒதுக்கிவிடுவார்கள். ஒன்று கேனன் எஃப்டி. கேமராவில் மாட்டாத நிலையில் அதன் அப்பெர்ச்சர் வளையத்தைத் திருப்பினால் பிளேடு சரியாக நகராது. அதன் அமைப்பே அப்படி, அடாப்டரில் மாட்டினால் வேலை செய்யும். இன்னொன்று ஜெனித்தோடு வந்த ஹீலியோஸ் 44-2. அதில் அப்பெர்ச்சருக்கு இரண்டு வளையங்கள். ஒன்றில் எண்ணைக் குறித்துவைத்து, மற்றொன்றால் திறந்து மூட வேண்டும். அந்த இரண்டாவது வளையத்தில் டிக் டிக் சத்தம் வராது.

பென்டாக்ஸின் தாகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ்களில் சில மஞ்சளாகத் தெரியும். தோரியம் கலந்த கண்ணாடி வருடக்கணக்கில் மஞ்சளிப்பது அது. யூவி எல்ஈடி விளக்கின் கீழ் சில நாள் வைத்தால் பெரும்பாலும் தெளியும். மதுரை வெயில்தான் இருக்கிறதே என்று மொட்டை மாடியில் வைத்துவிடாதீர்கள். கிரீஸ் இளகும், போதாததற்கு லென்ஸ் வெயிலைக் குவித்து அருகில் இருப்பதைப் பொசுக்கும்.

ஃபோக்கஸ் வளையம் ஒரே சீரான இறுக்கத்தில் சுற்ற வேண்டும். கனமாக இருந்தால் காய்ந்த கிரீஸ், சர்வீஸில் சரியாகும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் தட்டினால் லென்ஸ் கீழே விழுந்திருக்கலாம். ஃபில்டர் மரை நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

5. ரசீதும் சீரியல் நம்பரும்

பழைய பொருள்தானே என்று வெறும் கையோடு வாங்கி வராதீர்கள். ஒரு வெள்ளைத்தாள் போதும். லென்ஸின் பெயர், முகப்பு வளையத்தில் உள்ள சீரியல் நம்பர், விலை, தேதி, விற்றவரின் பெயரும் போன் நம்பரும், இருவர் கையெழுத்து. பணத்தை யூபிஐயில் கொடுத்தால் அதுவே இன்னொரு சாட்சி. திருட்டுப் பொருள் என்று நாளைக்கு யாராவது வந்தாலும், நீங்களே திரும்ப விற்க நினைத்தாலும் இந்தத் தாள் பேசும். ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர்களிடம் ரசீது கேட்கத் தயங்குவோம். "ஐயா, சீரியல் நம்பரை எழுதி ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க" என்று கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

வெளிநாட்டிலிருந்து பழைய லென்ஸ் வரவழைப்பது பற்றி: ஜப்பானிலும் உக்ரைனிலும் இருந்து விற்கிறவர்கள் காட்டும் விலை கவர்ச்சியாக இருக்கும். அதன் மேல் சுங்க வரி, ஐஜிஎஸ்டி, கூரியர் கம்பெனியின் கையாளும் கட்டணம் எல்லாம் ஏறும். கேஒய்சிக்கு அடையாளச் சான்று கேட்பார்கள், இன்வாய்ஸும் பணம் செலுத்திய ஆதாரமும் கேட்கலாம். பழைய பொருள்களை இறக்குமதி செய்வதற்கே விதிகளில் கட்டுப்பாடு இருக்கிறது, பார்சல் சுங்கத்தில் நின்றால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். "கிஃப்ட்னு எழுதிடுறேன்" என்று விற்கிறவர் சொன்னால் மறுத்துவிடுங்கள். 5,000 ரூபாய் வரை கிஃப்டுக்கு வரியில்லை என்ற சலுகை 2019 டிசம்பரோடு முடிந்துவிட்டது. முதல் லென்ஸை உள்ளூரில் தேடுங்கள். அக்கம்பக்கத்து ஊர்களில், திருமங்கலத்திலோ மேலூரிலோ திண்டுக்கல்லிலோ, மூடிய ஸ்டுடியோ ஒன்றாவது உங்கள் உறவினருக்குத் தெரிந்திருக்கும்.

6. இப்போது அடாப்டர்

லென்ஸ் கையில் வந்த பிறகே ஆர்டர் போடுங்கள். ஆன்லைனில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் சில நாள் அவகாசம்தான் இருக்கும். லென்ஸ் இல்லாமல் அடாப்டரை வாங்கி வைத்தால் சோதிப்பதற்குள் அந்த நாள் போய்விடும்.

பெயரில் முதலில் வருவது லென்ஸ், பின்னால் வருவது பாடி. "எம்42–நெக்ஸ்" என்றால் எம்42 லென்ஸை சோனி ஈ பாடியில் மாட்டுவது. நெக்ஸ் என்பது சோனியின் பழைய வரிசைப் பெயர், அடாப்டர்காரர்கள் இன்னும் அதையே போடுகிறார்கள். வரிசை மாறிய பெயர் வேறு பொருள், உங்களுக்கு உதவாது.

பழைய மேனுவல் லென்ஸுக்கு மின்னணு அடாப்டர் தேவையில்லை. உள்ளே கண்ணாடியும் இல்லாத, வயரும் இல்லாத வெறும் உலோக வளையம் போதும். ஆட்டோஃபோக்கஸ் லென்ஸ் வேறு கதை. கேனன் ஈஎஃப் லென்ஸில் அப்பெர்ச்சர் மின்சாரத்தில் ஓடுகிறது, வெறும் வளையத்தில் மாட்டினால் அதை மாற்றவே முடியாது. நிக்கான் ஜி வகை லென்ஸில் அப்பெர்ச்சர் வளையம் கிடையாது, அதற்கு வளையம் பொருத்திய ஜி அடாப்டர் என்று கேட்டு வாங்க வேண்டும்.

எம்42 வாங்குகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். சில எம்42 லென்ஸ்களின் பின்னால் ஒரு சின்ன ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அதை அழுத்தினால்தான் பிளேடு மூடும். லென்ஸில் ஏ, எம் என்று ஸ்விட்ச் இருந்தால் எம்மில் வைத்தால் போதும். சிலவற்றில் இந்த ஸ்விட்ச் இராது. அவற்றுக்கு, ஊசியை அழுத்தும் உள்விளிம்பு வைத்த அடாப்டராகப் பார்த்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் எப்போதும் முழுத் திறப்பிலேயே எடுக்க வேண்டியிருக்கும்.

பொருள் வந்ததும் ஜன்னல் பக்கம் பிடித்து உட்புறத்தைப் பாருங்கள். உள்சுவர் பளபளப்பில்லாத கறுப்பாக இருக்க வேண்டும். பளபளத்தால் படத்தின் நடுவில் வெள்ளைப் புகை மாதிரி ஒளி பரவும். மவுண்ட் பக்கத்துச் சிறு திருகுகள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்று வாட்ச் ரிப்பேர் ஸ்குரூ டிரைவரால் தொட்டுப் பாருங்கள். பாடியில் மாட்டினால் கடகடவென்று ஆடவும் கூடாது, கழற்றவே முடியாமல் இறுகவும் கூடாது. ஜிஎஸ்டி பில்லைப் பெட்டியோடு வைத்திருங்கள். பாடியின் மவுண்ட் வளையத்தில் கீறல் விழுந்தால் வாரண்டியில் கேள்வி வரும், அதனால் புதுப் பாடியில் மலிவான அடாப்டரை இறுக்கிப் பரிசோதிக்காதீர்கள்.

7. கேமராவில் மாற்ற வேண்டியவை

லென்ஸ் மாட்டியதும் பலருக்கு ஷட்டர் அடிக்காது. பயந்துபோய் அடாப்டரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெறும் வளையத்தில் மின் தொடர்பு இல்லாததால், லென்ஸே மாட்டவில்லை என்று கேமரா நினைக்கிறது. சோனியில் "ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்", ஃபியூஜியில் "ஷூட் வித்தவுட் லென்ஸ்", கேனன் ஆர் வரிசையில் "ரிலீஸ் ஷட்டர் வித்தவுட் லென்ஸ்" என்று மெனுவில் இருக்கும். ஆன் செய்யுங்கள்.

பாடிக்குள்ளேயே நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் லென்ஸின் மி.மீ. எண்ணைக் கையால் கொடுக்க வேண்டும். 135 மி.மீ. லென்ஸை மாட்டிவிட்டு அங்கே 50 என்று விட்டிருந்தால் படம் ஆடும். கிராப் சென்சாராக (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது) இருந்தாலும் லென்ஸில் எழுதியுள்ள எண்ணையே கொடுங்கள், பெருக்கிக் கொடுக்க வேண்டாம். நிக்கான் இசட்டில் இது "நான்-சிபியு லென்ஸ் டேட்டா" என்ற இடத்தில்.

டயலை ஏ மோடில் (கேனனில் ஏவி) வையுங்கள். அப்பெர்ச்சர் உங்கள் கையில், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஃபோக்கஸ் ஆன விளிம்புகளை நிறக்கோட்டால் காட்டும் ஃபோக்கஸ் பீக்கிங்கை ஆன் செய்து, திரையைப் பெரிதாக்கும் வசதியை ஏதாவது ஒரு பட்டனுக்குக் கொடுத்துவிடுங்கள். பீக்கிங்கின் நிறக்கோட்டை மட்டும் நம்பினால் முழுத் திறப்பில் மூக்கு ஃபோக்கஸ் ஆகி, கண் தப்பும். பெரிதாக்கிக் கண் இமையைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

8. தூரச் சோதனை

அடாப்டர் வந்த அன்றோ மறுநாளோ இதைச் செய்துவிடுங்கள். மொட்டை மாடியிலிருந்து கோபுரம் தெரிகிற வீடு என்றால் அதுவே போதும். இல்லாவிட்டால் ஒத்தக்கடைப் பக்கம் போய் யானைமலையைத் தள்ளி நின்று பாருங்கள். ஒரு கிலோமீட்டராவது தூரம் இருக்கட்டும். கானல் ஆடாத காலை வேளை நல்லது.

லென்ஸை முழுத் திறப்பில் வைத்து, ஃபோக்கஸ் வளையத்தை முடிவிலிக் குறி வரை திருப்பி, திரையை முழுவதும் பெரிதாக்கிக் கோபுரக் கலசத்தைப் பாருங்கள். வளையம் முட்டி நிற்கும் இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே கலசம் கூர்மையாகி, அதற்கப்புறம் லேசாக மங்கினால் அடாப்டர் மிகச் சிறிதளவு மெலிந்திருக்கிறது. அது நல்லதுதான், பல அடாப்டர்களை வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். லென்ஸில் உள்ள மீட்டர் குறிகள் சற்றுப் பொய் சொல்லும், அவ்வளவே. முட்டி நின்ற பிறகும் கலசம் கூர்மையாகவில்லை என்றால் அடாப்டர் தடித்திருக்கிறது. திருப்பி அனுப்புங்கள். லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்துவிடலாம் என்று சொல்வார்கள். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கு அது, ஒரு பக்கம் மட்டும் கூடக் கடைந்தால் படத்தின் இடது ஓரம் தெளிவாகவும் வலது ஓரம் மங்கலாகவும் வரும். அதே காரணத்துக்காக நான்கு மூலைகளையும் எஃப் 8இல் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

9. முதல் படங்கள்

கிராப் சென்சாரில் லென்ஸின் பார்வை குறுகும். சோனி, ஃபியூஜி, நிக்கான் ஏபிஎஸ்-சியில் 1.5ஆல் பெருக்குங்கள்: ஹீலியோஸின் 58 மி.மீ., 87 மி.மீ. லென்ஸ் போலத் தெரியும். ஆள் படத்துக்கு அருமை, வீட்டுக்குள் குடும்பப் படத்துக்குச் சுவர் இடிக்கும். கேனனில் 1.6, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2.

பழைய பூச்சுகள் எதிர்வெளிச்சத்தைத் தாங்காது. ஹூட் போடுங்கள். உச்சி வெயிலில் வைகைப் பாலத்தில் எடுப்பதைவிடத் தெப்பக்குளத்தின் சாயங்கால வெளிச்சம் இந்த லென்ஸ்களுக்குப் பொருந்தும். நாயக்கர் மகால் தூண்களின் பக்கவெளிச்சமும் அப்படியே. உள்ளே போகுமுன் கேமராவுக்கு என்ன கட்டணம் என்று கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கேமரா அனுமதி இல்லை, சித்திரை வீதிகளில் நின்று எடுப்பதோடு சரி.

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஒவ்வொரு படத்துக்கும் வளையம் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. 28 மி.மீ. லென்ஸை ஃபுல் ஃபிரேமில் எஃப் 8இல் வைத்து 3.3 மீட்டரில் ஃபோக்கஸை நிறுத்துங்கள். சுமார் 1.7 மீட்டரிலிருந்து கடைசி வரை எல்லாம் போதுமான தெளிவோடு வரும். அதற்கப்புறம் வளையத்தைத் தொடவே வேண்டாம். அடாப்டரால் மீட்டர் குறி பொய் சொல்லும் என்று பார்த்தோமே, அதனால் 3.3 மீட்டரை வீட்டில் டேப்பால் அளந்து, திரையில் பார்த்து, வளையத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள். ஜல்லிக்கட்டுக்கு மட்டும் இந்த லென்ஸை நம்பிப் போகாதீர்கள். காளை வாடிவாசலை விட்டு வரும் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்காது.

படக் கோப்பில் அப்பெர்ச்சர் எண் பதிவாகாது. கற்றுக்கொள்கிற காலத்தில் போனில் குறித்துவையுங்கள்.

10. செலவும் நாளும்

பெயரில்லாத வெறும் வளையம் ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். கே அண்ட் எஃப் போன்ற நடுத்தரம் இரண்டாயிரம், மூவாயிரம். நடுத்தரத்துக்கே போங்கள் என்பேன், மீதப்படும் ஆயிரம் ரூபாய்க்காக ஆடும் மவுண்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். மின்னணு அடாப்டருக்கு இதைப்போலப் பல மடங்கு ஆகும்.

லென்ஸ் விலை ஆளைப் பொறுத்தது. பேரம் பேசும் முன் சர்வீஸ் செலவைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஃபங்கஸ் எடுக்கவும் கிரீஸ் மாற்றவும் ஆகும் செலவு லென்ஸ் விலையில் பாதியைத் தாண்டினால் வேறு லென்ஸ் பாருங்கள். கடையில் கொடுக்கும்போது லென்ஸின் நிலையைப் போட்டோ எடுத்துவைத்து, சீரியல் நம்பர் எழுதிய சீட்டு வாங்குங்கள். "ரெண்டு நாள்ல ரெடிண்ணே" என்பதை இரண்டு வாரம் என்று எடுத்துக்கொண்டு திட்டமிடுங்கள். கல்யாண முகூர்த்த மாதங்களில் இன்னும் இழுக்கும்.

11. பத்திரப்படுத்துவது

ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் ஃபங்கஸ் பிடிக்கிறது. லென்ஸோடு வந்த தோல் உறையை முதலில் பிரித்துவிடுங்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஈரத்தை உறிஞ்சி உள்ளேயே வைத்திருக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்றையும் உள்ளே வையுங்கள். 40 முதல் 50 சதவீதம் ஈரம் சரியான அளவு. நிறம் மாறும் ஜெல் மணிகள் மாறியதும் சூடேற்றி உலர்த்தித் திரும்பப் போடலாம். அந்துருண்டை வேண்டவே வேண்டாம். ஃபங்கஸ் வந்த லென்ஸுக்குத் தனி டப்பா.

டப்பாவில் வைத்ததோடு மறந்துவிடாமல் வாரம் ஒருமுறையாவது எடுத்து வளையங்களைச் சுற்றுங்கள். இரண்டாவது லென்ஸ் வாங்கும்போது அதே மவுண்டில் தேடுங்கள், இருக்கிற அடாப்டரே அதற்கும் போதும்.